கறள்: புத்தகத்தில் இரண்டு நிபந்தனை, எங்கட ஊரில் மூன்று

ஓ.எல். விஞ்ஞானம் படிச்ச எல்லாருக்கும் அந்த மூன்று சோதனைக் குழாய்களும் ஞாபகம் இருக்கும். முதலாவதில் ஒரு இரும்பாணி, பாதி மூழ்கத் தண்ணீர், வாய் திறந்தபடி. இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர், அதற்கு மேலே ஒரு படை எண்ணெய். மூன்றாவதில் தண்ணீரே இல்லை. ஈரத்தை உறிஞ்சும் நீரற்ற கல்சியம் குளோரைட்டும் இறுக்கின தக்கையும். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் முதலாவது குழாயின் ஆணியில் மட்டும் செம்மஞ்சள் படிந்திருக்கும். கொப்பியில் முடிவை எழுதுவோம்: இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் அவசியம். இரண்டு காரணி, இரண்டு புள்ளி.

பரீட்சைத் தாளில் 'துரு' எண்டு எழுதினதுக்கு வீட்டில் பேர் 'கறள்'. சைக்கிள் செயின் கறள் கட்டிப்போச்சு. கிணத்துக் கப்பி கறள் பிடிச்சுக் கத்துது. கறள் ஆணி காலில் ஏறினால் ஏற்பு ஊசி போடவேணும். துரு பாடத்தில் இருந்தது, கறள் எங்களோடு இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தாலும், பாடத்தில் படித்த இரண்டு நிபந்தனைகளை வைத்துக்கொண்டு எங்களைச் சுற்றியிருந்த கறளை விளங்கிக்கொள்ள முடியவில்லை. நீரும் ஒட்சிசனும் உலகம் முழுக்க இருக்கின்றன. பிறகு ஏன் ஒரு இடத்து இரும்பு நூறு வருசம் நிற்கிறது, இன்னொரு இடத்து இரும்பு இருபது வருசத்தில் மண்ணாகிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் பின்னுக்குப் போய்வர நினைத்தோம்.

மண்ணிலிருந்து கடன் வாங்கியது

முதலில் ஒரு விசயம். பூமியில் இரும்பு இரும்பாகக் கிடைப்பது மிக அரிது. அது ஒட்சிசனோடு சேர்ந்து எமடைற்றாக, மகினடைற்றாக, இலிமோனைற்றாகக் கிடக்கிறது. இலிமோனைற்றுக்கும் ஆணியில் படியும் கறளுக்கும் இரசாயனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் நீரேற்றிய இரும்பு ஒட்சைட்டுகள்தான். கரியோடு சேர்த்துச் சூடாக்கி அந்த ஒட்சிசனைப் பிடுங்கி எடுத்தால் இரும்பு வரும். சும்மா விட்டால் அது தன்ரபாட்டில் ஒட்சிசனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கறள் பிடிப்பதென்பது இரும்பு வந்த வழியே திரும்பிப் போவது.

அந்த ஒட்சிசனைப் பிடுங்குவதில் இந்தத் தீவுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் பழைய இரும்பு உலைகளின் எச்சங்களைக் கண்டுபிடித்தார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. எல்லாம் மேற்குப் பார்த்த சரிவுகளில், மலை விளிம்பை ஒட்டிக் கட்டப்பட்டவை. துருத்தி ஊதுவதற்கு ஆள் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவருக்கு மேலால் வேகமாகக் கடக்கும்போது அங்கே அமுக்கம் குறைந்து, கீழுள்ள குழாய்களூடாகக் காற்றுத் தானாக உள்ளே இழுபடும். அதே மாதிரி ஒரு உலையைக் கட்டி, பருவக்காற்றில் எரித்து, காபன் கூடிய உருக்கை எடுத்தும் காட்டினார்கள். 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தி, செரந்தீப்பின் பேரையும் சொல்லுகிறார்.

இரும்பை மண்ணிலிருந்து பிரித்துக் கொடுத்ததும் பருவக்காற்றுத்தான். மழையையும் ஈரத்தையும் கொண்டுவந்து அதை மண்ணாக்குவதும் பருவக்காற்றுத்தான். ஈரவலயத்து மண்ணில் ஆயிரம் வருசம் கிடந்த இரும்பு இரும்பாக மிஞ்சுவது கடினம். ஆனால் இரும்பை எடுத்த பிறகு வெளியே கொட்டின கசடு, ஏற்கெனவே ஒட்சிசனோடு சேர்ந்தது என்பதால், அப்படியே கிடக்கும். கழித்து எறிந்ததை வைத்துத்தான் செய்த பொருளின் வரலாற்றை எழுதவேண்டியிருக்கிறது.

இரண்டாவது குழாயில் ஒரு பிழை

நீரும் ஒட்சிசனும் என்று இன்று ஒரு வரியில் சொல்லுகிறோம். அந்த ஒரு வரிக்கு வந்துசேர நூற்றைம்பது வருசத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இரசாயனவியலாளர் பலர், உலோகம் துருவாகும்போது அதிலிருந்து 'புளொஜிஸ்தன்' என்ற ஒன்று வெளியேறுகிறது என்று நம்பினார்கள். ஒன்று வெளியேறினால் பாரம் குறையவேண்டும். ஆனால் பாரம் கூடியது. 1770களில் லவோசியே இதைத் தராசில் வைத்து, உலோகம் எதையும் இழக்கவில்லை, காற்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். அந்தப் பகுதிக்கு ஒட்சிசன் என்று பேர் வைத்தவரும் அவர்தான். 1780களில் செஞ்சூடான இரும்புத் துப்பாக்கிக் குழாயூடாக நீரை அனுப்பினார். மறுபக்கத்தால் ஐதரசன் வந்தது, குழாயின் உட்புறம் ஒட்சைட்டானது. நீர் ஒரு தனிமம் இல்லை என்பதற்கு இரும்பே சாட்சியானது.

1819 அளவில் மார்ஷல் ஹால் என்ற மருத்துவர், ஒட்சிசன் இல்லாத நீரில் சாதாரண வெப்பநிலையில் இரும்பு துருப்பிடிப்பதில்லை என்று காட்டினார். எங்கட இரண்டாவது குழாயின் பூட்டன் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் குழாயில் ஒரு ஓட்டை இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஒட்சிசன் மட்டுமா வெளியேறும்? கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டும்தான் வெளியேறும். அப்ப ஆணி கறள் பிடிக்காமல் இருந்ததுக்கு எது காரணம் எண்டு எப்படிச் சொல்லுறது? வகுப்பில் இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கேட்டார்கள். 1871இல் கிரேஸ் கல்வர்ட் என்ற இரசாயனவியலாளர், ஈரமான ஒட்சிசனில் வைத்த இரும்பைவிட, ஈரமான ஒட்சிசனோடு காபனீரொட்சைட்டும் சேர்ந்த இடத்தில் வைத்த இரும்பே நன்றாகத் துருப்பிடிக்கிறது என்று அறிவித்தார். அதிலிருந்து, காபோனிக்கமிலம்தான் மூலகாரணம் என்ற கொள்கை பல காலம் செல்வாக்காக இருந்தது. 1905இல் டன்ஸ்டனும் சகாக்களும் காபனீரொட்சைட்டு இல்லாமலும் இரும்பு துருப்பிடிக்கும் என்று எழுத, அடுத்த வருசமே மூடி என்பவர் அதை மறுத்து எழுதினார். இரும்பை அமிலத்தின் ஒரு சுவடும் இல்லாமல் சுத்தமாக்குவது எவ்வளவு கடினம் என்பதில்தான் அந்தச் சண்டை சுற்றிச்சுற்றி நின்றது.

வழி இன்னொரு பக்கத்தால் திறந்தது. 1903இல் அமெரிக்கரான விற்னி, துருப்பிடித்தல் ஒரு மின் விசயம் என்று வாதிட்டார். பிறகு 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் அதைக் கண்ணால் காணக்கூடியதாக்கினார். பரிசோதனை மிக எளிது. மினுக்கின இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர். அயன்களுக்கு நிறம் மாறும் காட்டி ஒன்றும் அதில் கலந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் துளியின் நடு நீலமாகும். அங்கே இரும்பு கரைகிறது. விளிம்பு இளஞ்சிவப்பாகும்; அங்கே காற்றிலிருந்து வரும் ஒட்சிசன், இரும்பு விட்ட இலத்திரன்களை வாங்கி ஐதரொட்சைட்டு அயனாகிறது. நடுவிலிருந்து வருவதும் விளிம்பிலிருந்து வருவதும் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையமாகக் கறள் படியும்.

இதில் எங்களுக்குப் பிடிச்ச விசயம், ஒட்சிசன் கூடக் கிடைக்கும் இடத்தில் இரும்பு அரிபடுவதில்லை என்பதுதான். அது குறைவான இடத்தில்தான் அரிபடுகிறது. துளியின் ஓரம் தப்பிவிடும், நடு குழிவிழும். சைக்கிளில் மட்காட்டின் மேற்பக்கம் மினுங்கிக்கொண்டிருக்க, சேறு அப்பிக்கிடக்கும் உட்பக்கம் உக்கிப்போவதும் இதனால்தான். பெயின்ற் பொங்கின இடத்துக்குக் கீழே, வொஷருக்கு அடியில், காற்று நுழையாத பொந்துகளில் கறள் ஆழமாகப் போகும். வெளியில் தெரியும் கறள் ஒரு இடம், தின்னப்பட்ட இடம் இன்னொரு இடம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் வேர்னன் என்பவர் காற்றின் ஈரத்தை அளந்துகொண்டிருந்தார். காற்றில் சார் ஈரப்பதன் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டும்வரை இரும்பு பெரிதாக மாறுவதில்லை. தாண்டினால் அரிப்பு சடுதியாகக் கூடுகிறது. இன்னொரு பரிசோதனையில் இரும்பை மஸ்லின் துணிக் கூட்டுக்குள் வைத்தார். காற்றும் ஈரமும் துணிக்குள்ளால் போகும், தூசி போகாது. இரும்பு மினுங்கிக்கொண்டே இருந்தது. ஈரத்தைப் பிடித்து இரும்பில் ஒட்டவைக்கும் தூசியும் புகையும் உப்பும் இல்லாமல் காற்று மட்டும் அவ்வளவு கெட்டது இல்லை.

உப்பு இரண்டு வேலை செய்கிறது. நீரை மின்கடத்தியாக்கி, துளிக்குள் நடக்கும் அந்த மின் ஓட்டத்தை இலேசாக்குகிறது. அதோடு ஈரத்தையும் இழுத்துவைக்கிறது. கடலுப்பில் உள்ள மகனீசியம் குளோரைட்டு, காற்றில் முப்பத்துமூன்று சதவீத ஈரப்பதன் இருந்தாலே நீரை உறிஞ்சிக் கரையும். எங்கட கரையோரக் காற்றில் ஈரப்பதன் அதைவிட எவ்வளவோ கூட. மழை இல்லாத வைகாசியிலும் கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி நனைந்தேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல்.

தகரத்தின் ஓட்டைகள்

இரும்பைக் காப்பாற்றும் வழி, அது ஏன் துருப்பிடிக்கிறது என்பது முழுதாக விளங்க முன்னமே கிடைத்துவிட்டது. 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க, செம்போடு நாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் தொடுத்துவிட்டார். நாகம் கரைந்தது, செம்பு தப்பியது. ஆனால் அரிபடாத செம்பில் சிப்பியும் பாசியும் ஏறிக் கப்பல் மெதுவாகிவிட்டதால் கடற்படை அதைக் கைவிட்டது. 1837இல் பிரான்சில் சொரெல் என்பவர் இரும்பை உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமம் எடுத்தார். 1829இலேயே லண்டனில் ஹென்றி பாமர் நெளிவுத் தகட்டுக்கு உரிமம் எடுத்திருந்தார். இரண்டும் சேர்ந்த இடத்தில் உருவானதுதான் நாங்கள் கூரைக்குப் போடும் தகரம்.

நாகம் ஒரு பூச்சு மட்டும் இல்லை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலிருக்கும் நாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பெயின்ற்றுக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் கரைகிற நாகம் முடியும்வரைதான் அதுவும்.

வன்னியில் 2008, 2009இல் இடம்பெயர்ந்த சனம் கூரைத் தகரத்தைக் கழற்றி, உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனது. கிளிநொச்சியில் அடித்த தகரம் விசுவமடுவில், பிறகு புதுக்குடியிருப்பில், பிறகு இன்னும் கிழக்கே. ஒவ்வொரு இடத்திலும் புது மரத்துக்குப் புது ஆணி. பழைய ஓட்டை பொருந்தாது. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் தகரத்தில் ஒரு வரிசை ஓட்டை கூடும். ஓட்டையைச் சுற்றி முதலில் வெள்ளையாகப் பூக்கும், அது நாகம். நாகம் முடிய மஞ்சள், பிறகு சிவப்பு. அப்படியொரு தகரத்தை எங்களில் ஒருவரின் வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேலே பார்த்திருக்கிறோம். ஓட்டைகளை எண்ணி எத்தனை இடம் என்று அந்த வீட்டு அம்மம்மா சொல்லுவா. பிறகு, "இதில அரைவாசி ஆணி ஓட்டை இல்லையடா" என்பா.

தில்லித் தூணும் பாம்பன் பாலமும்

துரு என்று பேச்செடுத்தால் யாராவது தில்லி இரும்புத்தூணைக் கொண்டுவருவார்கள். சுமார் 1600 வருசம் பழசு, ஏழு மீற்றருக்கு மேல் உயரம், ஆறு தொன்னுக்கு மேல் பாரம், இன்னும் நிற்கிறது. வாட்ஸப்பில் அது 'துருவே பிடிக்காத மர்ம உலோகம்' என்று சுற்றும். உண்மை அதைவிட நல்லாயிருக்கிறது. அது மர்மம் இல்லை, தூணும் துருப்பிடித்திருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்பிரமணியம் அதன் மேற்பரப்பை ஆராய்ந்து, அதில் பொசுபரசு கூட இருப்பதையும், துருவும் பொசுபேற்றும் சேர்ந்து இறுக்கமான ஒரு மெல்லிய படையாகி உள்ளே இருக்கும் இரும்பை மூடுவதையும் விளக்கினார். பழைய உலைக்காரர் சுண்ணாம்பு போடாததால் பொசுபரசு இரும்பிலேயே தங்கிவிட்டது. அதோடு தில்லியின் காற்று வருசத்தின் பெரும்பகுதி வேர்னன் சொன்ன எல்லைக்குக் கீழேதான் இருக்கும். மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி அவ்வளவு நல்லாயில்லை. அந்தக் கொல்லர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே தூணைப் பருத்தித்துறைக் கரையில் நட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

கடலுக்குள் நின்ற இரும்புக்கு எங்களுக்குக் கிட்டவே ஒரு உதாரணம் இருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, 145 கண். அதுக்கு மேலால் தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குத் திரும்பவும் ரயில். 'போட் மெயில்' என்று எங்கட தாத்தாமார் சொன்னது அதைத்தான். இரும்பு நிற்கக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்: இரண்டு பக்கமும் கடல், எந்நேரமும் உப்புக் காற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்து, ஒரு ரயிலையும் சனத்தோடு கடலுக்குள் கொண்டுபோனது. பாலத்தின் கண்கள் பல அடித்துச் செல்லப்பட்டன. 46 நாளில் அதைத் திருத்தினார்கள். 2022 டிசம்பரில் நிறுத்தும்வரை அதன்மேல் ரயில் ஓடியது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள்.

நூற்றியெட்டு வருசம். அதில் தனி உலோகமோ மர்மமோ இல்லை. சுரண்டினார்கள், வர்ணம் பூசினார்கள், உக்கின துண்டை மாற்றினார்கள், அடுத்த வருசம் திரும்பவும் சுரண்டினார்கள். நீரும் ஒட்சிசனும் உப்பும் எல்லாம் இருந்தும் பாலம் நின்றதென்றால், கறளுக்கு வேண்டிய இன்னொன்று அங்கே கிடைக்கவில்லை. கைவிடப்படுதல். எங்கட மூன்றாவது நிபந்தனை அதுதான்.

கையெடுத்த இடம்

காங்கேசன்துறை வரையான வடபகுதிப் பாதை 1905இல் முழுமையானது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் யுத்தம் திரும்பவும் தொடங்க ரயில் நின்றது. நின்ற தண்டவாளத்தின் தலை கறள் பிடிக்கும். ஓடும் ரயிலின் சில்லு அதைத் தேய்த்து மினுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் எங்கட தண்டவாளத்துக்குக் கறள் பிடிக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இரண்டு பக்கத்தாராலும் கழற்றப்பட்டு பங்கருக்கும் காவலரணுக்கும் கூரையானது. பயணம் போன இரும்பு பதுங்கியிருக்கும் இரும்பானது. கூரை மேல் மண், மண்ணில் மழை. அந்த இரும்பு பங்கருக்குள்ளேதான் கறள் பிடித்தது.

1950இல் ஆரம்பித்த காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் நின்றது. வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமானது. வருசக்கணக்காகக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஆரும் போகேலாது. போனவர்கள் திரும்பிவந்து பார்த்தபோது கேற் இல்லை, ஜன்னல் கம்பி இல்லை, இருந்தவற்றைக் கை தொட உதிர்ந்தது. கொங்கிறீற்றுக்குள் இருந்த கம்பியும் தப்பவில்லை. கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். உள்ளே வீங்கிக் கொங்கிறீற்றையே பிளந்துவிடும். கூரைத் தட்டு கீழே விழுந்த வீடுகளைக் குண்டு விழுந்த வீடுகள் என்று நினைத்திருக்கிறோம். சில அப்படித்தான். சிலவற்றில் குண்டு விழவில்லை. ஆளை உள்ளே விடாததே போதுமானதாக இருந்தது.

1990இல் இன்னொன்றும் நடந்தது. வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் இரும்பும் இருந்தன. புது ஆணி இல்லை என்றால் கறள் ஆணியைப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தித் திரும்ப அடிப்பது. தடை, கறளைத் தடுக்கும் பொருட்களையும் கறள் தின்றதை மாற்றும் பொருட்களையும் ஒன்றாக நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு சைக்கிள் ஓடிக்கொண்டிருந்ததென்றால் அதுக்குப் பின்னால் யாரோ ஒருவர் பழைய துணியும் கொஞ்ச எண்ணெயும் வைத்துத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும், அந்த மார்ச்சில் தலைமன்னாருக்கும் ரயில் திரும்ப வந்தது. புதுத் தண்டவாளம், புதுச் சிலிப்பர். பழையது என்னவானது என்று கேட்க ஆளில்லை. பழைய இரும்பு என்றால் கிலோ விலைதானே.

எந்தக் கறளுக்குக் கூரை

2009 மே மாதத்துக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கத்துப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குவியல்கள் தெரியும். பஸ், லொறி, உழவு மெசின், மோட்டார் சைக்கிள், சைக்கிள். எரிந்த உலோகத்தில் பெயின்ற் போயிருக்கும், எண்ணெய் போயிருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல். கறளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒவ்வொரு சைக்கிளும் ஒரு ஆளுடையது. சட்டத்தில் இலக்கம் அடித்திருக்கும். அந்த இலக்கத்தைக் கறள் தின்ன முன்னம் யாராவது எழுதி வைத்திருந்தால், ஒரு ஆள் எதுவரை வந்தார் என்பதற்கு அது ஒரு சின்னச் சாட்சி. கொஞ்சப் பேருக்கு வாகனம் திரும்பக் கிடைத்தது. மிச்சம் வருசக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து பழைய இரும்பாகப் போனது. 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தட்டின ஜோர்தான் நாட்டுக் கப்பல் ஃபாரா III உம் யுத்தம் முடிய உல்லாசப் பயணிகள் வந்து படமெடுக்கும் கறள் மலையாக நின்று, பிறகு வெட்டுப்பட்டுப் போனது.

அதே ஏ9 வீதியில் ஆனையிறவில் ஒரு புல்டோசர் இருக்கிறது. 1991 ஜூலைச் சண்டையில் இயக்கம் தகடடித்துக் கவசமாக்கி அனுப்பியது. அதைத் தடுத்து உயிர்விட்ட படைவீரருக்கு அங்கே நினைவுச்சின்னம் கட்டி, புல்டோசரையும் அரசு காட்சிக்கு வைத்திருக்கிறது. அந்த வீரரின் வீட்டாருக்கு அது ஒரு மகனின் நினைவு. அதில் எங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. நாங்கள் பார்ப்பது வேறொன்று. கறள் பிடித்த ஒரு இரும்பு காவலோடும் அறிவிப்புப் பலகையோடும் வரலாறாக நிற்கிறது. ஆயிரக்கணக்கான கறள் பிடித்த சைக்கிள்கள் நிறுத்து விற்கப்பட்டன. இரண்டிலும் ஒரே இரும்பு, ஒரே நீர், ஒரே ஒட்சிசன்.

கறளைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது என்பதையும் ஒத்துக்கொள்ளவேணும். 2018இல் மன்னார் சதொச வளவில் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட புதைகுழியில் முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. சிலவற்றில் கால்கள் இரும்பால் பிணைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. 2019இல் வந்த காபன் காலக்கணிப்பு, எலும்புகளை 15 முதல் 17ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பலரால் அதை ஏற்கமுடியவில்லை. அந்த இரும்பு ஏன் தன் வயதைச் சொல்லவில்லை என்று எங்களில் சிலரும் அப்போது கேட்டோம். இப்போது விளங்குகிறது. கறளின் தடிப்பை வைத்து வருசம் எண்ண முடியாது. மண்ணின் உப்பு, ஈரம், காற்று எவ்வளவு போனது என்பதெல்லாம் தெரியாமல் ஐந்து வருசக் கறளையும் ஐம்பது வருசக் கறளையும் கண்ணால் பிரிக்கேலாது. அதனால்தான் இரும்பு கிடந்த இடம், ஆழம், சுற்றியிருந்த மண், பக்கத்தில் என்ன கிடந்தது என்பதெல்லாம் இரும்பைவிட முக்கியமாகிறது. அகழ்பவர் அவசரப்பட்டால், கறள் கட்டின துண்டைக் கழுவி ஒரு பைக்குள் போட்டால், போனது ஒரு துண்டு இரும்பு மட்டும் இல்லை.

எங்கட குழுவில் இப்ப ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். அவரவர் வீட்டில், வளவில், ஊரில் மிஞ்சியிருக்கும் பழைய இரும்பைப் படமெடுத்து, இது ஆருடையது, எங்கேயிருந்து வந்தது, எப்ப கைவிட்டது என்று வயசுபோன ஆட்களிடம் கேட்டு எழுதிவைக்கிறோம். கிணத்துக் கப்பி, தையல் மெசின், தண்டவாளத் துண்டு, இலக்கம் தெரியும் சைக்கிள் சட்டம். எல்லாத்தையும் காப்பாற்றேலாது என்று தெரியும். இரண்டாவது குழாயில் இருந்தமாதிரி எண்ணெய்ப் படை ஒன்றை ஊர் முழுக்க ஊற்றவும் முடியாது.

அந்த அம்மம்மாவின் தகரத்தைப் படமெடுக்கப் போனபோது அது கோழிக்கூட்டில் இல்லை. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தாச்சாம். ஓட்டைகளின் கணக்கு மட்டும் அவவுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு இடத்தையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தோம்.